ஆறு பெல்ட்டில் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை, ஆனால் மெஷின் முக்கால் அடி நகர்ந்துவிட்டது

சங்ககிரிக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு ட்ரெய்லர் இருக்கிறது, இரண்டும் 40 அடி பிளாட்பெட், பக்கச் சுவர் இல்லாத தட்டை வண்டி. பெரும்பாலும் மெஷினரி லோடுதான். ஓசூர், கோவை, பெங்களூர் என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

போன வியாழக்கிழமை ஓசூரில் கோவைக்கு ஒரு பிரஸ் மெஷின் ஏற்றினோம். எடை 10 டன். பாடித் தகட்டின் மேல் குறுக்கே நான்கு மரக்கட்டை, அதன்மேல் மெஷின். மேலே போட்டு இறுக்கியது ஆறு ராட்செட் பெல்ட், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற நாடா. எல்லாம் 50 மில்லிமீட்டர் அகலம், 5 டன் என்று போட்டு விற்கிறார்களே, அதுதான். ஆறு ஐந்து முப்பது. பத்து டன் மெஷினுக்கு முப்பது டன் பெல்ட் போட்டாயிற்று, இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது முன்னால் போன டாரஸ் லாரி திடீரென்று நின்றிருக்கிறது. நம் டிரைவர் பிரேக்கை மிதித்து, இடிக்காமல் நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கிப் பார்த்தால் மெஷின் முக்கால் அடி முன்னால் வந்து நிற்கிறது. கட்டை இரண்டு புரண்டு கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் முன்பலகையை முட்டியிருக்கும். அந்தப் பலகை வெறும் தகடு, அதற்கு அந்தப் பக்கம் கேபின்.

எனக்குப் புரியாதது இதுதான். பெல்ட் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மாட்டிய இடத்திலேயே கொக்கியும் இருக்கிறது. மெஷினோடு சேர்ந்து பெல்ட் எல்லாம் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

75 மில்லிமீட்டரில் 10 டன் பெல்ட் வருகிறதே, அதை வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

முனியப்பன் துணை | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, முதலில் அந்த டிரைவருக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுங்க. தொப்பூரில் இடிக்காமல் நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நான் ஸ்டியரிங் பிடித்து 28 வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் பெல்ட் ஏது? கயிறுதான். நார்க் கயிறு மழை பட்டால் இறுகும், வெயில் ஏறினால் தளர்ந்துவிடும். அதனால் வண்டி கிளம்பி முதல் டீக்கடையில் நிறுத்தி, கிளீனர் சுற்றி வந்து எல்லாக் கயிற்றையும் தட்டிப் பார்ப்பான். தட்டினால் கிண்ணென்று சத்தம் வரணும். சொதசொதவென்று இருந்தால் மறுபடி இழுப்போம்.

பெல்ட் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. ராட்செட்டை மடக்கிவிட்டால் கோவையில்தான் திறப்பது என்று ஆகிவிட்டது. உங்கள் ஆள் ஓசூரிலிருந்து தொப்பூர் வரைக்கும் எத்தனை தடவை நிறுத்திப் பார்த்தார்? கோபப்படாமல் கேட்டுச் சொல்லுங்க.

சங்ககிரிக்காரன் | ஞாயிறு, இரவு 10.32

கேட்டேன் அண்ணா. ஒரு தடவைகூட இல்லை. கிருஷ்ணகிரி டோலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தாராம்.

பாடிகட்டி | திங்கள், காலை 7.05

நாமக்கல்லில் பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. பெல்ட்டை மட்டும் பேசிக்கொண்டு இருக்கிறீர்கள், பெல்ட் மாட்டுகிற கொக்கியை யாரும் பார்ப்பதில்லை. நம்ம ஊர் ட்ரெய்லரில் பக்கச் சேனலில் வரிசையாக வளைத்து வைத்திருக்கும் கம்பி தார்ப்பாய்க் கயிறு கட்டுவதற்கு. அதில் ராட்செட்டை மாட்டி இழுத்தால் கம்பிதான் நிமிரும். ஐரோப்பாவில் இதற்கென்றே ஈ.என். 12640 என்று ஒரு தரம் இருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியில் ஒவ்வொரு கட்டும் புள்ளியும் 2,000 கிலோ விசை தாங்கவேண்டும். இங்கே கேட்டு வாங்குகிறவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

மெஷின் லோடு அடிக்கிறவர்கள் பக்கச் சேனலை நம்பவேண்டாம். பாடிக்கு அடியில் குறுக்கே போகிற சட்டம் இருக்கிறதே, கிராஸ் மெம்பர், அதோடு சேர்த்து வளையம் வெல்ட் பண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் என் கருத்து: மெஷினுக்குச் செயின்தான். பெல்ட் எல்லாம் அட்டைப்பெட்டிக்கு.

புது ஓனர் | திங்கள், காலை 8.20

75 மி.மீ. பெல்ட் எங்கே மலிவாகக் கிடைக்கும்? நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துறைமுகத்தான் | திங்கள், மதியம் 1.50

தூத்துக்குடியில் புராஜெக்ட் கார்கோ லாஷிங் வேலை பார்க்கிறேன். காற்றாலை இறகு, டிரான்ஸ்பார்மர், பாய்லர் பாகம் என்று கட்டுவதுதான் தினசரிப் பிழைப்பு. சங்ககிரி நண்பர் கேட்ட கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. பெல்ட் அறுந்துபோகவில்லை என்றால் பெல்ட்டின் பலம் பற்றாக்குறை இல்லை. பிறகு எதற்குப் பலமான பெல்ட்?

மேலே போட்டு இறுக்கும்போது பெல்ட் லோடைப் பிடித்துக்கொள்வதில்லை, கீழே அமுக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பிடித்துக்கொள்வது லோடுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற உராய்வு. எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவு உராய்வு கூடும்.

இப்போது கணக்குப் போடுவோம். ஐரோப்பிய ஈ.என். 12195-1 தரத்தில், கடுமையான பிரேக்கில் லோடு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதம். உங்கள் 10 டன் மெஷின் தொப்பூரில் 8 டன் விசையோடு முன்னால் போகப் பார்க்கும்.

அறுத்த மரக்கட்டைக்கும் இரும்புத் தகட்டுக்கும் உராய்வு எண் சுமார் 0.3. ஆகவே மெஷினின் சொந்த எடையே 3 டன்னைப் பிடித்துக்கொள்ளும். மீதி 5 டன் பெல்ட்டிலிருந்து வரவேண்டும்.

ஒரு பெல்ட் எவ்வளவு தரும்? 50 மி.மீ. ராட்செட்டைக் கையால் இறுக்கினால் பெல்ட்டில் தங்கும் இறுக்கம் நல்ல ராட்செட்டில் 350 கிலோ. ஐந்து டன் இல்லை, முந்நூற்றைம்பது கிலோ. இரண்டு பக்கமும் இறங்குவதால் 700 கிலோ அமுக்குகிறது. அதில் 0.3 பங்குதான் உராய்வாக வரும், அதாவது 210 கிலோ. ஆறு பெல்ட்டுக்கு 1,260.

3,000 கூட்டல் 1,260 என்றால் 4,260 கிலோ. வேண்டியது 8,000. மெஷின் நகராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த 5 டன்னையும் பெல்ட்டாலேயே நிரப்ப 24 வேண்டும். தரத்தில் சொல்லியிருக்கிற 1.25 பாதுகாப்பு விகிதத்தையும் சேர்த்தால் 30. மெஷின் அடிப்பாகம் நேராக இரும்புத் தகட்டிலேயே உட்கார்ந்திருந்தால் உராய்வு 0.2 ஆகிவிடும். அப்போது எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இப்போது அதே மெஷினுக்கு அடியில் வழுக்காத ரப்பர் மேட் போடுங்கள். உராய்வு எண் 0.6. சொந்த எடையே 6 டன்னைப் பிடித்துக்கொள்ளும். பாக்கி 2 டன். ஒரு பெல்ட் தருவது 420 கிலோ. பாதுகாப்பு விகிதத்தோடு சேர்த்தே ஆறு பெல்ட் போதும். நீங்கள் போட்டது அதே ஆறுதான்.

புது ஓனர் | திங்கள், மதியம் 2.10

அப்படியென்றால் பெல்ட்டில் 5 டன் என்று போட்டிருப்பது பொய்யா?

துறைமுகத்தான் | திங்கள், மதியம் 2.45

பொய் இல்லை, நாம்தான் வேறு கேள்விக்கான பதிலைப் படிக்கிறோம். 5 டன் என்பது பொதுவாக அந்தப் பெல்ட் அறுகிற அளவு. பெல்ட்டில் தைத்திருக்கிற லேபிளை ஒழுங்காகப் படித்தால் மூன்று எண் இருக்கும் (ஈ.என். 12195-2 படி செய்ததாக இருந்தால்).

எல்.சி. என்பது நேராக இழுக்கும்போது தாங்க அனுமதித்த அளவு. 50 மி.மீ.க்கு வழக்கமாக 2,500. எஸ்.ஹெச்.எஃப். 50 என்பது கைப்பிடியில் 50 கிலோ விசையோடு இழுப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. எஸ்.டி.எஃப். என்பது அப்படி இழுத்துவிட்ட பிறகு பெல்ட்டில் தங்கும் இறுக்கம். 250, 300, 350 என்று இருக்கும். மேலே போட்டுக் கட்டுவதாக இருந்தால் நீங்கள் பார்க்கவேண்டிய எண் இந்தக் கடைசி எண்தான். லேபிளில் டெக்கா நியூட்டன் என்று இருக்கும். கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் வராது.

75 மி.மீ. பெல்ட் வாங்கினாலும் அதே கை, அதே 50 கிலோ இழுப்பு. பெல்ட் அகலமானதால் உங்கள் கை பலமாகிவிடாது. காசைச் செலவழிப்பதாக இருந்தால் கைப்பிடியைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்குகிற நீளமான ராட்செட் வாங்குங்கள். 500 வரைக்கும் இறுக்கம் கிடைக்கும்.

லேபிளின் நிறத்தையும் பாருங்கள். நீலம் என்றால் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். லோடு கட்டப் பாலியெஸ்டர்தான் நல்லது. நைலான் ஈரம் பட்டால் பலம் குறையும், இழுபட்டு நீள்வதும் அதிகம். லேபிளே இல்லாத பெல்ட் என்றால் அது வெறும் நாடா.

முனியப்பன் துணை | திங்கள், மாலை 6.30

படித்தவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 50 கிலோ இழுப்பு என்பது வெள்ளைக்காரன் கணக்கு. நம்ம பையன்கள் கைப்பிடியில் மூன்றடி ஜிஐ குழாயை மாட்டித் தொங்கிவிடுவார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

துறைமுகத்தான் | திங்கள், மாலை 7.15

அண்ணா, அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. குழாய் மாட்டினால் இறுக்கம் கூடுவது நிஜம்தான். ஆனால் ராட்செட்டின் நடுத்தண்டு வளையும், பல் தேயும். அடுத்த தடவை அதே ராட்செட் பாதி இறுக்கத்தில் வழுக்கும். திறக்கும்போது கைப்பிடி தெறித்துத் தாடையில் அடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தண்டில் பெல்ட் ஒன்றரை சுற்றுக்குக் குறையாமலும் மூன்று சுற்றுக்கு மேல் போகாமலும் இருக்கவேண்டும். குறைந்தால் உருவிக்கொள்ளும். கூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபட்டு, திறக்கவும் முடியாது. ராட்செட்டை மடக்குவதற்கு முன்னால் தொங்கல் நீளத்தைக் கையாலேயே இழுத்து எடுத்துவிடவேண்டும். நம் ஆட்கள் தொங்கலோடு ஆரம்பித்து ராட்செட்டாலேயே சுருட்டுவார்கள், அங்கேதான் கெடுகிறது.

இன்னொன்று. ராட்செட் இருக்கிற பக்கம் இறுகுகிற அளவுக்கு எதிர்ப்பக்கம் இறுகாது. மெஷினின் மூலை இரண்டிலும் உரசி இழுவிசை குறைந்துவிடும். அதனால் ஒரு ராட்செட் இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். மூலையில் பிளாஸ்டிக் முனைக்காப்பு வைத்தால் பெல்ட் வழுக்கி இறங்கும், வெட்டும் படாது. நீங்கள் ஆறையும் ஒரே பக்கமாகப் போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சங்ககிரிக்காரன் | திங்கள், இரவு 8.02

தோற்றுவிட்டேன். ஆறும் டிரைவர் பக்கம்தான். கிளீனருக்குச் சுற்றி வர அலுப்பு.

குகன் டொரண்டோ | செவ்வாய், காலை 5.50

வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணம், இப்ப ஒண்டாரியோவில் ஏழு வருஷமாகப் பிளாட்பெட் ஓடுறன். இந்த இழையை வாசிக்க எனக்கு என்ர முதல் வருஷம் ஞாபகம் வந்தது.

இங்க 50 மி.மீ. ஸ்ட்ராப்பை பிளாட்பெட்டில் காண்கிறது குறைவு. நாலு அங்குல ஸ்ட்ராப், ட்ரெய்லரின் பக்கத்தில் அதைச் சுருட்டி இறுக்கிற வின்ச், அதைத் திருப்ப ஒரு இரும்புப் பார். ஒரு ஸ்ட்ராப்பின் வேலைப்பளு வரம்பு 5,400 இறாத்தல், கிட்டத்தட்ட 2,450 கிலோ. அறுகிற அளவின் மூன்றில் ஒரு பங்குதான் எழுதி இருக்கும், ஐரோப்பாவைப் போல பாதி இல்லை. மெஷின் எண்டால் கனபேர் செயின்தான் போடுவினம். கிரேடு 70, முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8. அதின்ர வரம்பு 6,600 இறாத்தல்.

சட்டம் என்னவெண்டால், போட்ட எல்லாக் கட்டின்ர வரம்பையும் கூட்டினால் லோடின்ர எடையில் பாதியாவது வரவேணும். நீளத்துக்கு ஏற்ற எண்ணிக்கையும் இருக்கவேணும். அந்தக் கணக்கில் பார்த்தால் சங்ககிரி அண்ணையின்ர மெஷினுக்கு எங்கட ஸ்ட்ராப் மூன்று போதும் எண்டு வரும். துறைமுகத்தான் அண்ணை முப்பது எண்டுறார். எது சரி?

துறைமுகத்தான் | செவ்வாய், காலை 9.30

நல்ல கேள்வி தம்பி, இதைப் பற்றி அமெரிக்காக்காரர்களும் ஐரோப்பாக்காரர்களும் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். உங்கள் விதியில் இருக்கிற 'பாதி எடை' என்பது குறைந்தபட்சத் தேவை. ரோட்டில் நிறுத்திச் சோதிக்கிற ஆய்வாளர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்க வசதியான கணக்கு. அதே விதிகளில் முன்பக்கம் 0.8 விசையைத் தாங்கவேண்டும் என்பதும் இருக்கிறது. லோடு முன்பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் மூன்று ஸ்ட்ராப்பில் நீங்கள் தப்பிப்பீர்கள். நடுவில் தனியாக, வழுக்குகிற தரையில் நிற்கிறது என்றால் மூன்றும் பிய்யாமல் மெஷின் மட்டும் நடந்து போகும்.

என் கட்சி எது என்று கேட்டால், எண்ணிக்கையைச் சட்டத்துக்காக எண்ணுங்கள், உராய்வை உங்களுக்காக எண்ணுங்கள். ஆனால் சிறந்த கட்டு, கட்டே தேவைப்படாமல் முட்டுக்கொடுத்து நிறுத்துவதுதான். முன்னால் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு, அதை ட்ரெய்லரோடு அசையாமல் பிடித்துவிட்டால் எந்தப் பெல்ட்டும் அதற்கு ஈடாகாது.

குகன் டொரண்டோ | செவ்வாய், காலை 10.05

விளங்குது அண்ணை. இங்க இன்னொரு விதியும் இருக்கு, முனியப்பன் அண்ணை சொன்ன டீக்கடை விதிதான். வெளிக்கிட்டு 80 கிலோமீற்றருக்குள்ள ஒருக்கா இறங்கிப் பார்க்கவேணும். பிறகு மூன்று மணித்தியாலம் அல்லது 240 கிலோமீற்றர், எது முதல் வருதோ அப்ப திரும்பவும். உங்கட ஊர் டீக்கடையை இங்க சட்டமாக்கிப்போட்டாங்கள்.

முனியப்பன் துணை | செவ்வாய், காலை 10.40

😄 அந்த டீக்கடைக்காரருக்குக் கனடா சர்க்கார் ராயல்டி கொடுக்கணும்.

இன்னொரு சந்தேகம். வண்டி வேகம் எடுத்ததும் பெல்ட் காற்றில் 'ஊஊ' என்று பாட ஆரம்பித்துவிடும். கேபினில் காது வலிக்கும். நான் பெல்ட்டை அரை முறுக்கு முறுக்கிப் போட்டுவிடுவேன், சத்தம் நின்றுவிடும். சரியா, தப்பா?

குகன் டொரண்டோ | செவ்வாய், காலை 10.55

இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது அண்ணை. முறுக்காவிட்டால் காற்றில் அடிச்சு அடிச்சு ஓரம் தேஞ்சுபோகும்.

துறைமுகத்தான் | செவ்வாய், காலை 11.20

ஐரோப்பியத் தரப்படி முறுக்கக் கூடாது. ஒரு ஓரத்தில் மட்டும் விசை விழும், பலம் குறையும். ஆனால் காற்றில் அடித்துத் தேய்வதும் உண்மைதான். நான் வேலை பார்க்கும் இடத்தில் முறுக்கவிடமாட்டேன். அண்ணன் 28 வருஷமாக முறுக்கி ஒன்றும் ஆகவில்லை என்றால் அவரோடு சண்டை போடவும் மாட்டேன். லோடின் மேல் பரப்பிலும் மூலையிலும் பெல்ட் தட்டையாக உட்காரவேண்டும். முறுக்கு விழுந்தால் அந்தரத்தில் தொங்குகிற பகுதியில் மட்டும் விழட்டும். முடிச்சு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ஒரு முடிச்சில் பலம் பாதியாகிவிடும்.

கிரேன் மேஸ்திரி | செவ்வாய், இரவு 9.15

இடையில் நுழைகிறேன். இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. போன வருஷம் ஒரு சைட்டில் (பெயர் வேண்டாம்) லோடு கட்டுகிற ராட்செட் பெல்ட்டை மடித்துப் போட்டு மோட்டாரைத் தூக்கச் சொன்னார்கள். "5 டன் பெல்ட், மோட்டார் ரெண்டு டன்தானே" என்று வாதம். நான் கிரேனை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

தூக்குகிற பெல்ட்டில் எழுதியிருக்கிற டன்னைப்போல ஏழு மடங்கு வரைக்கும் அது அறாது. கட்டுகிற பெல்ட்டில் எல்.சி.யைவிட இரண்டு மடங்குதான். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி நாடா. தூக்குகிற பெல்ட்டுக்கு நிறம் உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. கட்டுகிற பெல்ட்டின் லேபிளிலேயே தூக்கப் பயன்படுத்தாதே என்று இருக்கும். படிக்கிறவர் இருந்தால்தானே.

பாடிகட்டி | புதன், காலை 7.30

எல்லாரும் ரப்பர் மேட், ரப்பர் மேட் என்கிறீர்கள். நான் செயின் என்று சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

துறைமுகத்தான் | புதன், காலை 8.45

மன்னிக்கணும், விட்டுப்போய்விட்டது. உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, ஆனால் செயினை எப்படிப் போடுகிறோம் என்பதுதான் விஷயம். செயினையும் மேலே போட்டு இறுக்கினால் அதுவும் அமுக்குகிற வேலையைத்தான் செய்யும். மெஷினின் காதிலோ அடிச்சட்டத்திலோ நேராக மாட்டி, நான்கு மூலைக்கும் சாய்வாக இழுத்துக் கட்டினால்தான் செயினின் முழுப் பலமும் வேலைக்கு வரும்.

10 மி.மீ. கிரேடு 8 செயினின் எல்.சி. 6,300. தரைக்கு 45 பாகை, பக்கவாட்டில் 45 பாகை என்று இழுத்தால் முன்பின்னாக அதில் பாதி நிற்கும், 3,150. மெஷின் முன்னால் போகாமல் இழுத்துப் பிடிப்பவை பின்மூலைக்குப் போகிற இரண்டு செயின். ஆகவே 6,300. மரக்கட்டை உராய்வையும் சேர்த்தால் 8 டன்னைத் தாண்டிவிடும். நான்கே நான்கு செயின், முப்பது பெல்ட்டின் வேலை.

ஒரே திசைக்குப் பெல்ட்டையும் செயினையும் கலந்து போட்டுவிட்டு இரண்டின் பலத்தையும் கூட்டிக்கொள்ளாதீர்கள். பெல்ட் முழு விசையில் 7 சதவீதம் வரை நீளலாம், செயின் நீளாது. பெல்ட் வேலைக்கு வருவதற்குள் செயின் எல்லாவற்றையும் தனியாகச் சுமந்திருக்கும்.

நீங்கள் முதலில் சொன்ன வளையம் இல்லாமல் இந்தக் கட்டு நடக்காது. பக்கச் சேனல் கம்பியில் மாட்டி 6 டன்னை இழுக்க முடியுமா?

பாடிகட்டி | புதன், காலை 9.00

அதைத்தானே நானும் சொன்னேன்.

புது ஓனர் | புதன், காலை 11.10

இதெல்லாம் செய்தால் ஆர்.டி.ஓ. செக்கிங்கில் ஏதாவது மதிப்பு இருக்கிறதா? எனக்குத் தெரிந்து எடையையும் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதையும்தான் பார்க்கிறார்கள்.

சங்ககிரிக்காரன் | புதன், மதியம் 12.30

நானும் இத்தனை வருஷத்தில் பெல்ட்டை எண்ணிப் பார்த்த அதிகாரியைப் பார்த்ததில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாடியைத் தாண்டி லோடு நீட்டிக்கொண்டிருந்தால் 194(1ஏ) பிரிவில் இன்னொரு 20,000. அதோடு நீட்டியதை இறக்கி வைக்கிற செலவும் நம் தலையில். ஆனால் பொருள் சேதமானால் பார்ட்டி வருவது நம்மிடம்தான். இந்த மெஷினின் கீழ்ச்சட்டம் லேசாக நெளிந்ததற்கே எனக்கு அந்த மாத வாடகை முழுக்கப் போய்விட்டது. ஆர்.டி.ஓ. கேட்டாரா இல்லையா என்று பார்ட்டி கேட்கவில்லை.

சங்ககிரிக்காரன் | 18 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.50

வந்து சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று எழுதுகிறேன்.

பாடிகட்டி அண்ணன் சொன்னபடி இரண்டு வண்டியிலும் பக்கத்துக்கு ஐந்து வளையம் கிராஸ் மெம்பரோடு சேர்த்து வெல்ட் வைத்தாயிற்று. ரப்பர் மேட் வந்தது. முதலில் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போடலாம் என்றுதான் இருந்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேய்ந்து மழமழவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது. துறைமுகத்தானுக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்டேன், திட்டிவிட்டார். சோதித்த மேட்டுக்குத்தான் 0.6, கண்ட ரப்பருக்கெல்லாம் இல்லையாம்.

முந்தாநாள் அதே ஓசூர், 9 டன் மெஷின். முதலில் தரையைக் கூட்டினோம். எப்போதும் யாரும் கூட்டுவதில்லை, முந்தின லோடின் மணல் அப்படியே கிடக்கும். தகட்டின்மேல் மேட், மேட்டின்மேல் கட்டை, கட்டையின்மேல் மறுபடி மேட், அதன்மேல் மெஷின். கீழே மட்டும் மேட் போட்டுவிட்டுக் கட்டைக்கும் மெஷினுக்கும் நடுவில் போடாமல் விட்டால் வழுக்கல் அங்கே இடம் மாறிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். மேட் நான்கு பக்கமும் விரல்கடை அளவு வெளியே தெரியும்படி வைத்தோம். மெஷினின் அடியில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. பார்ட்டியின் ஆளைக் கூப்பிட்டுத் துடைத்து, பிளக் போட்டு அடைக்கச் சொன்ன பிறகுதான் கிரேனை இறக்கவிட்டேன். அரை மணி நேரம் முணுமுணுத்தார்.

பின்மூலைக்கு இரண்டு, முன்மூலைக்கு இரண்டு என்று நான்கு செயின் சாய்வாக. மேலே நான்கு பெல்ட், ராட்செட் மாற்றி மாற்றி. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, மனசுக்காகப் போட்டது.

கட்டி முடித்ததும் கிளீனர் பையன் ஒரு வேலை செய்தான். அவனாகவே. சாக்பீஸ் எடுத்து மெஷினின் நான்கு காலையும் சுற்றித் தகட்டில் கோடு போட்டான். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி இரண்டு பெல்ட்டை ஒரு பல் இறுக்கியிருக்கிறார்கள். தொப்பூரில் இந்தத் தடவை பெரிய பிரேக் எதுவும் இல்லை, ஆனாலும் இறக்கம் இறக்கம்தானே. கோவையில் இறக்கும்போது போட்டோ அனுப்பினான். கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது.

முனியப்பன் துணை | ஞாயிறு, இரவு 9.20

அந்தப் பையனை விட்டுவிடாதீங்க. கிளீனர் கிடைப்பதே கஷ்டம், யோசிக்கிற கிளீனர் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பழைய பெல்ட் ஆறையும் என்ன பண்ணினீங்க?

சங்ககிரிக்காரன் | ஞாயிறு, இரவு 9.34

எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம் அண்ணா. இரண்டில் ஓரம் வெட்டு, அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே. ஒன்று வெயிலில் வெளுத்து, மடக்கினால் மொறுமொறுவென்கிறது. அந்த மூன்றையும் யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று துண்டு துண்டாக வெட்டச் சொன்னேன். வெட்டிய துண்டை எல்லாம் கிளீனர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவன் அம்மாவின் நாடாக் கட்டில் பிய்ந்து கிடந்ததாம், பின்னிவிட்டானாம்.